அமெரிக்காவுக்குப் போன போனஸ் ஆசனம்

என் நாட்குறிப்பில் அந்தப் புதன்கிழமைக்குரிய பக்கம் இரண்டு பேனாக்களால் எழுதப்பட்டிருக்கிறது. மேலே நீல மையில் மூன்று வரிகள். கீழே கறுப்பு மையில் பக்கம் நிறைய, ஓரங்களிலும் சுற்றி எழுதி, வியாழக்கிழமையின் இடத்திலும் பாதியைப் பிடித்திருக்கிறேன். நீலம் காலை ஏழே முக்காலுக்கு எழுதியது. கறுப்பு அன்று மத்தியானம். நீல வரிகளை நான் வெட்டவில்லை. நாட்குறிப்பில் எதையும் வெட்டுவதில்லை என்பது லண்டனுக்கு வந்த வருடத்திலிருந்து வைத்திருக்கும் வழக்கம். பழைய அரசர்களின் வரலாறு எழுதியவர்கள் தங்கள் பிழைகளை அழிக்காமல் விட்டுப் போயிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று வாசிக்கும்போதெல்லாம் நினைப்பேன். அதனால் இந்தப் பிழையை நான் அழிக்கவில்லை.

என் தங்கை அமெரிக்காவின் கிழக்குக் கரை மாநிலம் ஒன்றில் மருந்தாளராக இருக்கிறாள். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவள். சில வருடங்கள் எங்களோடு லண்டனில் இருந்து, பிறகு கல்யாணம் முடித்து அங்கே போனாள். அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் ஒரு கட்சியின் உள்ளூர்க் கிளைக்குப் போகத் தொடங்கினாள். முதலில் கூட்டங்களுக்குக் கதிரை அடுக்கினாள். பிறகு வீடு வீடாகக் கதவு தட்டினாள். ஒரு தைமாதத்து ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாள்:

“அண்ணை, நான் பேராளருக்குக் கேக்கப்போறன்.”

“எதுக்கு?”

“பேராளருக்கு. நீங்கள் எல்லாத்தையும் வாசிக்கிறனீங்கள்தானே. வாசிச்சுப் பாருங்கோ.”

வாசித்தேன். அந்த மாநிலக் கட்சி வெளியிட்ட விதிகளை நூலகத்தில் அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடிட்டு, ஒரு வாரம் வாசித்தேன். எனக்குப் பிடிபட்டது இதுதான். ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக வாக்கெடுத்துத் தீர்மானிக்கிறது. அந்த வாக்கெடுப்பைப் பிரைமரி என்கிறார்கள். சனம் வாக்களிப்பது வேட்பாளரின் பெயருக்கு. ஆனால் கணக்கில் சேர்வது பேராளர்கள்தான். கோடையில் நடக்கும் கட்சி மாநாட்டுக்குப் போய்த் தங்கள் வேட்பாளருக்காக நிற்கப்போகிறவர்கள் அவர்கள். மாநிலத்துக்கு இத்தனை பேராளர் என்று முன்பே தீர்மானித்திருப்பார்கள். சிலரை மாநிலம் முழுவதும் விழுந்த வாக்கின்படியும், மிச்சப் பேரை மாவட்டம் மாவட்டமாக விழுந்த வாக்கின்படியும் வேட்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நூற்றுக்குப் பதினைந்து வீதம் எடுக்காத வேட்பாளருக்கு ஒன்றும் இல்லை.

தங்கையின் மாவட்டத்துக்கு ஐந்து பேராளர். அவள் ஆதரித்த வேட்பாளர் அங்கே முதலாவதாக வரமாட்டார் என்பது அவளுக்கே தெரியும். வர வேண்டிய தேவையும் இல்லை. பிரைமரிக்கு முன்பே நடந்த மாவட்டக் கூட்டத்தில், அந்த வேட்பாளருக்கான பேராளர் பட்டியலை ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று மாறி மாறி ஒழுங்கு செய்துவிட்டார்கள். முதலாவது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். இரண்டாவது, என் தங்கை. அவளுடைய வேட்பாளருக்கு ஐந்தில் இரண்டு இடம் கிடைத்தால் அவள் மாநாட்டுக்குப் போவாள். ஒன்றுதான் என்றால் ஆசிரியர் போவார், அவள் வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்ப்பாள். இரண்டா, ஒன்றா? லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் நாங்களும், ஸ்ட்ரெதமில் பெரியண்ணையும், இன்னும் ஏழெட்டு ஊர்களில் இருக்கும் சொந்தக்காரரும் மாசி மாதம் முழுக்க இந்த ஒரு கேள்வியோடு இருந்தோம்.

முடிவைக் கணக்குப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதற்குக் காரணம் உண்டு. நாட்டை விட்டு வருமுன் நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். ஒரு பொதுத் தேர்தலில் வாக்கெண்ணும் நிலையத்தில் கடமை. எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்று பிரிக்கும் விதத்தை அங்கேதான் பழகினேன். இலங்கையில் எந்தத் தேர்தல் நடந்தாலும், லண்டனில் இருந்தபடியே மாவட்ட ஆசனங்களைக் கணக்குப் பார்த்து, வானொலி சொல்வதற்கு முன்னால் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவேன். இதுவரை கணக்குப் பிழைத்ததில்லை. அதனால் குழுவில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. வானொலி வேறு விதமாகச் சொன்னால் வானொலியைச் சந்தேகிக்கும் அளவுக்கு.

பிரைமரி நடந்தது மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். அமெரிக்காவில் மணிக்கூட்டை எங்களுக்கு இரண்டு மூன்று வாரம் முந்தியே மாற்றிவிடுவார்கள். எனவே அந்த நாட்களில் ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். பெரியண்ணைக்கு இதை இரண்டு தரம் எழுதி அனுப்பினேன். இந்த அளவு கவனமாக இருந்தவன்தான் நான்.

புதன் காலை ஏழு மணிக்கு எழும்பித் தேத்தண்ணியோடு மேசையில் இருந்தேன். மாவட்ட வாக்குகள் எல்லாம் எண்ணி முடிந்திருந்தன. பெரிய எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன். நூறு பேர் வாக்களித்ததாக வைத்துக்கொண்டால், முன்னணியில் இருந்தவருக்கு ஐம்பத்தாறு, தங்கையின் ஆளுக்கு இருபத்தெட்டு. மிச்சப் பதினாறும் பலருக்குப் பிரிந்து, ஒருவரும் பதினைந்தைத் தொடவில்லை. அவர்களை வெட்டியாயிற்று. மிஞ்சிய இருவரில் ஒருவர் மற்றவரைப்போல் இரண்டு மடங்கு. இதைவிடச் சுத்தமான கணக்கு என் கைக்கு வந்ததில்லை. ஐந்தே நிமிடத்தில் முடித்து, இரண்டாம் தரமும் சரிபார்த்து, குழுவில் போட்டேன்:

“இறுதி முடிவு. ஐந்தில் நான்கு முன்னணி வேட்பாளருக்கு. ஒன்று எங்கள் ஆளுக்கு. அந்த ஒன்று ஆசிரியருக்கு. தங்கைக்கு இம்முறை இடமில்லை.”

நாட்குறிப்பிலும் அதையே எழுதினேன். அதுதான் நீல மை.

 குழுவில் முதலில் ஒரு விளக்குப் படம் வந்தது. எங்கள் குழுவில் துக்கச் செய்தி வந்தால் போடுகிற குத்துவிளக்கு. வேறு எதைப் போடுவதென்று தெரியாமல் யாரோ அதைப் போட, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். ஒன்பது மணிக்குள் பதினெட்டு விளக்கு. “எல்லாம் நன்மைக்கே” என்று ஒருவர். “அவள் எங்கள் மனங்களில் என்றும் பேராளர்” என்று இன்னொருவர். இல்ஃபோர்ட்டில் இருக்கும் மச்சான் வேலைக்குப் போகும் ரயிலில் குழுவைத் திறந்து, மேலே போய் வாசிக்காமல், பதறிப்போய் எழுதியிருந்தார்: “ஆர் மோசம் போனது? செத்தவீடு எங்கை?”

என் மனைவி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவள். அன்று பதினொரு மணிக்குத்தான் ஷிப்ட். அரசியல் அவளுக்கு அறவே பிடிக்காது. பாணுக்குப் பட்டர் பூசியபடி கேட்டாள்:

“இஞ்சேருங்கோ, வெட்டுப்பட்டவையை விட்டால் மூண்டிலை ஒரு பங்கு சனம் அவளின்ரை ஆளுக்குப் போட்டிருக்கு எண்டுதானே சொன்னியள்?”

“ஓம். சரியா மூண்டிலை ஒண்டு.”

“அப்ப அஞ்சிலை ஒண்டு எண்டால் குறைவாக் கிடக்கு.”

“அது உமக்கு விளங்காது. விகிதாசாரம்.”

“நான் ஒவ்வொரு நாளும் இருநூறு பிள்ளையளுக்கு பை, கேக் எண்டு பங்கு வெட்டிப் போடுறன். எனக்கு விகிதாசாரம் விளங்காதோ?” பிஸ்கட் டின்னை எடுத்து ஐந்து பிஸ்கட்டை என் முன்னால் எண்ணி வைத்தாள். இரண்டு சோசரையும் நகர்த்தினாள். “காட்டுங்கோ பாப்பம்.”

இடது சோசர் முன்னணிக்காரருக்கு, வலது எங்கள் ஆளுக்கு என்று சொன்னேன். முதல் பிஸ்கட்டை எடுத்து இடது சோசரில் வைத்தேன். மிச்சம் நாலு. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இடதில் இரண்டு, வலதில் ஒன்று. இன்னும் ஒன்று மிஞ்சியது. “இப்ப ஆருக்குப் பின்னம் கூட எண்டு பாக்கோணும். இவருக்கு மூண்டிலை இரண்டு மிச்சம், எங்கட ஆளுக்கு மூண்டிலை ஒண்டுதான் மிச்சம். அப்ப இது இவருக்கு.” கடைசி பிஸ்கட்டும் இடது பக்கம் போனது. நாலும் ஒன்றும்.

மனைவி இரண்டு சோசரையும் பார்த்தாள்.

“உந்த முதல் பிஸ்கட் என்னத்துக்கு அவருக்கு?”

“அது போனஸ்.”

“ஆர் குடுத்தது?”

“மாவட்டத்திலை கூட வாக்கு எடுத்தவருக்கு முதலிலை ஒரு ஆசனம் போனஸ். பிறகுதான் பிரிக்கிறது. சட்டம்.”

“எந்த நாட்டுச் சட்டம்?”

நான் வாயைத் திறந்தேன். பின்வளவு வேலிக்கு அப்பால் பிக்கடில்லி லைன் ரயில் ஒன்று போய் முடியும்வரை மூடவில்லை.

போனஸ் ஆசனம் இலங்கைச் சட்டம். ஒரு மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஓர் ஆசனத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை விகிதாசாரத்தில் பிரிப்பது அந்த நாட்டு வழக்கம். மஞ்சள் கோடிட்ட தாள்களை எடுத்து வந்து விரல் வைத்து வாசித்தேன். வெட்டுப்புள்ளி இருந்தது. இலங்கையில் ஐந்து வீதம், இந்தத் தாளில் பதினைந்து. பங்கு பிரிப்பது இருந்தது. மிஞ்சியதைப் பெரிய பின்னத்துக்குக் கொடுப்பது இருந்தது. எல்லாம் கச்சேரியில் பழகியது போலவே இருந்ததால், தாளில் இருந்ததைக் கவனமாகப் படித்து, இல்லாத ஒன்றை நானே வைத்துப் படித்திருக்கிறேன்.

“அப்ப அதை இஞ்சாலை தாங்கோ,” என்று மனைவி ஐந்து பிஸ்கட்டையும் திரும்பச் சேர்த்தாள். இரண்டுக்கு ஒன்று. இடதில் மூன்றேகாலுக்குக் கொஞ்சம் கூட, வலதில் ஒன்றேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைய. முழுப் பிஸ்கட்டுகளை வைத்தபின் மிஞ்சிய ஒன்றுக்கு இப்போது வலது பக்கத்துப் பின்னம்தான் பெரிது. மூன்றும் இரண்டும்.

“இரண்டு,” என்றாள்.

“இரண்டு,” என்றேன்.

“அந்தப் பிள்ளை விளக்கைப் பாத்து அழப்போகுது. எத்தினை மணிக்கு எழும்புவாள்?”

மணி ஒன்பது இருபது. அங்கே ஐந்து இருபது. தங்கை ஆறு மணிக்கு எழும்புகிறவள். நாற்பது நிமிடம் இருந்தது. அவள் கண் விழித்துப் பதினெட்டு விளக்கைப் பார்க்குமுன் சரிசெய்ய வேண்டும். செய்தியை அழித்துவிடலாம் என்று கை போனது. ஆனால் நாட்குறிப்புக்கு ஒரு நியாயம், குழுவுக்கு ஒரு நியாயமா என்று தோன்றியது. அழிக்காமல் கீழே எழுதினேன்: “மேலே உள்ளது என் பிழை. நான் இலங்கைச் சட்டப்படி போனஸ் ஆசனம் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவில் போனஸ் இல்லை. சரியான முடிவு மூன்றுக்கு இரண்டு. தங்கை பேராளர்.”

எழுதி அனுப்பிவிட்டுப் பெரியண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். பெரியண்ணை மூத்தவர், எந்த விஷயத்திலும் முதலில் இறங்குகிறவர்.

“பெரியண்ணை, குறூப்பைப் பாருங்கோ. அவள் வெண்டிட்டாள்.”

“டேய், நான் பூவுக்குச் சொல்லியாச்சு.”

“என்ன பூ?”

“அவளுக்குத்தான். ஒன்லைனிலை. அங்கத்தைக் கடை. வெள்ளை லில்லி.”

“நிப்பாட்டுங்கோவன்.”

“ஏலாதடா. பூவோடை வைக்கிற கார்டும் எழுதியாச்சு. ‘மனம் தளராதே. இப்படிக்கு, பெரியண்ணா’ எண்டு.”  பிறகு குரல் மாறியது. “பொறு, பொறு. நீ பிழை விட்டனியோ? நீயோ?”

“ஓம்.”

“கணக்கிலை?”

“ஓம் எண்டுறன்.”

“இரு, வைக்காதை. இதை நான் என்ரை மனிசிக்குச் சொல்லோணும்.” தொலைபேசியைக் கையில் வைத்தபடியே அவர் மாடிப்படி ஏறுவது கேட்டது. ஏறும்போதே சிரித்துக்கொண்டுதான் ஏறினார். நாற்பது வருடமாகக் காத்திருந்த மனிதனின் சிரிப்பு.

குழுவில் இப்போது பட்டாசுப் படங்கள் வரத் தொடங்கியிருந்தன. விளக்குப் போட்டவர்களே பட்டாசும் போட்டார்கள். ஆனால் விளக்கை ஒருவரும் எடுக்கவில்லை. இல்ஃபோர்ட் மச்சான் மட்டும் நிம்மதியாகவில்லை: “சந்தோஷம். ஆனா ஆர் மோசம் போனது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தங்கையின் அழைப்பு வந்தது. மனைவி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

“அண்ணை, நித்திரையாலை எழும்பிப் பாத்தால் குறூப்பிலை விளக்கும் எரியுது, பட்டாசும் வெடிக்குது. நான் செத்திட்டனோ, வெண்டிட்டனோ?”

“வெண்டிட்டாய். நான் பிழை விட்டிட்டன். இரண்டு இடம்.”



“அப்ப அவை சொன்னது சரியோ?” என்றாள்.

“எவை?”

“கட்சி ஆக்கள்தான். முடிவு வந்த உடனை எங்கட மாவட்டத்துக்குப் பொறுப்பான மனிசி ஓடிவந்து கட்டிப்பிடிச்சவ. நான் சொன்னன், பொறுங்கோ, லண்டனிலை எங்கட அண்ணை கணக்குப் பாக்கிறார், அவர் சொல்லட்டும் எண்டு. பிறகு இடையிலை ஒருக்கா முழிப்பு வந்து உங்கட மெசேஜைப் பாத்தன். அதோடை அந்த மனிசிக்கு எழுதிப்போட்டன்.”

“என்னெண்டு?”

“நன்றி, ஆனால் நீங்கள் பிழையா எண்ணிப்போட்டியள், எனக்கு இடமில்லை, திருப்பி ஒருக்காப் பாருங்கோ எண்டு. ஆசிரியருக்கும் வாழ்த்து எழுதிப்போட்டன். நீங்கள்தான் பிழை விடமாட்டியளே, அண்ணை!”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது.

“இப்ப அந்த மனிசி திருப்பி எழுதியிருக்கிறா,” என்றாள் தங்கை. “திருப்பிப் பாத்தவையாம். சரியாம். உங்கட அண்ணா எந்த முறையிலை கணக்குப் பாக்கிறவர் எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?”

போனஸ் ஆசனத்தை விளங்கப்படுத்தினேன். மாவட்டத்தில் முதலாவதாக வருகிறவர், முதல் ஆசனம், பிறகு பிரிப்பது. 

“அண்ணை,” என்றாள், “அந்த நாட்டிலை எனக்கு ஒரு நாளும் வோட்டுப் போடக் கிடைக்கேல்லை. பதினாறு வயசிலை வெளிக்கிட்டனான். இஞ்சை வந்து இத்தினை வருசம் கழிச்சு ஒண்டுக்குக் கேட்டால், நீங்கள் அங்கத்தைச் சட்டத்தைக் கொண்டுவந்து என்னைத் தோக்கடிச்சுப் போட்டியள், என்ன?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு உடனே சிரிக்க வரவில்லை. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

“அதை விடுங்கோ. எத்தினை எண்டு சொல்லுங்கோ.”

“இரண்டு.”

“இன்னொருக்கா.”

“அஞ்சிலை இரண்டு. இரண்டாவது நீ.”

“அந்த மனிசி சொல்லேக்கை இப்பிடி இருக்கேல்லை அண்ணை,” என்றாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள். இந்த முறை லண்டனே சொல்லிவிட்டது என்று அவரிடம் சொல்வது கேட்டது. மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. அவருடைய பதில் எங்களுக்குக் கேட்கவில்லை.

வெள்ளை லில்லி அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் தொடர்ச்சி எனக்கு ஒரு படமாக வந்தது. அந்தச் சனிக்கிழமை மாவட்டக் கிளையில் பேராளர்கள் இருவரையும் வரவேற்றுச் சின்னக் கூட்டம். தங்கை பூங்கொத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். படத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர், உயரமான மனிதர், ஒரு பக்கம். என் தங்கை மறுபக்கம். நடுவில், செத்தவீட்டுக்குப் போகிற அளவில், வெள்ளைப் பூ. கடைக்காரருக்குத் தமிழ் எழுத்து இல்லாததால் “மனம் தளராதே” என்பதைப் பெரியண்ணை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை ஆசிரியர் தட்டுத்தடுமாறி வாசித்து, என்ன கருத்து என்று கேட்டாராம். லண்டனில் இருந்து வெற்றி வாழ்த்து என்று தங்கை சொன்னாளாம். அவர் அதை அழகாக எழுதி வைத்துக்கொண்டு, கோடையில் மாநாட்டுக்குப் போன இடத்தில் பக்கத்து மாவட்டத்துப் பேராளர்களுக்கெல்லாம் “மனம் தளராதே, மனம் தளராதே” என்று கை கொடுத்துத் திரிந்ததாகத் தங்கை மண்டபத்துக்குள் இருந்து எனக்கு எழுதினாள். அவளுடைய கழுத்தில் தொங்கிய பேராளர் அட்டையின் படத்தையும் அனுப்பியிருந்தாள். அதில் அவள் பெயரோடு எங்கள் தகப்பனாரின் பெயரும் முழுதாக இருந்தது.

இரண்டு படங்களையும் அச்செடுத்து அந்தப் புதன்கிழமைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நீல வரிகள் மறையாதபடி கொஞ்சம் கீழே தள்ளி. கறுப்பு மையில் கடைசியாக உள்ள வரி, அன்று மத்தியானம் மனைவி வேலைக்குப் போனபின் மேசையைத் துடைக்கப் போனபோது எழுதியது: சோசர்களில் இருந்தது நாலு பிஸ்கட். போனஸை அவள் சாப்பிட்டுவிட்டாள்.